லாஸ்பேட்டை ரேஞ்சில் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்றுநர் வகுப்பு: போகலாமா?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஓர் ஏர் ரைஃபிள் ரேஞ்சில் (காற்றழுத்தத் துப்பாக்கி சுடும் இடம்) சனி, ஞாயிறு இரண்டு நாள் நடத்தும் பாதுகாப்புப் பயிற்றுநர் வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். குறி பார்த்துச் சுடச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு என்று நினைத்துப் போகாதீர்கள். ஏற்கெனவே ஓரளவு சுடத் தெரிந்தவர்கள், மற்றவர்களை வரிசையில் நிறுத்தி யாருக்கும் அடிபடாமல் சுட வைப்பதற்கான வகுப்பு. கட்டணம் 6,500 ரூபாய். மதியச் சாப்பாடு, டீ, பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் சின்னக் குண்டு) எல்லாம் அதில் அடக்கம். ரேஞ்சின் பெயரைப் போட வேண்டாம் என்று நடத்துபவர் கேட்டுக்கொண்டதால் இங்கே போடவில்லை.

நான் கடலூரில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர். கல்லூரியில் படித்தபோது என்.சி.சி.யில் 'சி' சர்டிஃபிகேட் வரை போனேன்; வெடிமருந்தில் சுடும் .22 ரைஃபிளில் குப்புறப் படுத்துச் சுட்ட அனுபவம் உண்டு. இளவேனில் வாலறிவன் பிறந்த ஊர் கடலூர். 2019இல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கியவர். வளர்ந்தது குஜராத்தில் என்றாலும் எங்கள் பிள்ளைகளுக்கு அவர் நம்ம ஊர் அக்கா. "மிஸ், நம்ம ஸ்கூல்ல எப்ப ஆரம்பிப்பீங்க" என்று பெண் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ரைஃபிள் வாங்கித் தர முன்னாள் மாணவர்கள் சிலர் தயாராக இருக்கிறார்கள். பணம் புரட்டினால் துப்பாக்கி வந்துவிடும், டார்கெட் வந்துவிடும். ஆனால் ஒரு வரிசைப் பிள்ளைகள் ஆளுக்கொரு துப்பாக்கியோடு நிற்கும்போது அவர்களுக்குப் பின்னால் யார் நிற்பது? நான்தான் நிற்க வேண்டும். அதற்கு என்.சி.சி. அனுபவம் போதாது. அங்கே நான் சுடுகிறவளாக இருந்தேன், சுட வைக்கிறவளாக இல்லை.

போகலாம் என்பதுதான் என் பதில். குறைகள் இருக்கின்றன, சொல்கிறேன். ஆனால் முதல் நாள் மதியம் நடந்த ஒரு பயிற்சிக்காகவே கொடுத்த காசு தகும்.

வந்திருந்தவர்கள் பலதரப்பட்டவர்கள். நெய்வேலியில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கும் ஒருவர், ஈ.சி.ஆர். ரிசார்ட் ஒன்றில் ஏர் கன் கவுண்டர் வைக்கப்போகும் இளைஞர், என்.சி.சி. முடித்த கல்லூரித் தம்பிகள், அப்புறம் நான். பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற ராணுவ ஹவில்தார். எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசினார், கல்லூரித் தம்பிகளைக்கூட. துணைக்கு மாநில அளவில் சுடும் ஓர் இளம் பெண்.

காலையில் அடிப்படை விதிகள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு போட்டதாகவே நினை; பேரலைச் சுடக் கூடாத எதன் பக்கமும் திருப்பாதே; சுடப்போகும் நொடி வரை விரல் டிரிகருக்கு வெளியே இருக்கட்டும்; டார்கெட்டையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொண்டு சுடு. உலகம் முழுக்கச் சொல்லித்தருவது இதைத்தான், சுவரில் பெரிதாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். அடுத்து ரேஞ்ச் கட்டளைகள்: லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட். இதெல்லாம் வந்தவர்களுக்குத் தெரிந்ததுதான் என்பதால் சார் வேகமாகக் கடந்துவிட்டார்.

மதியம் எங்களில் சிலரைச் சுட வைத்தார். மற்றவர்களைப் பயிற்றுநர்களாகப் பின்னால் நிற்கச் சொன்னார். நான் பின்னால் நின்றேன். ரேஞ்சில் பழகும் பையன் ஒருவன் வரிசையின் ஓரத்தில் நின்று சுட்டுக்கொண்டிருந்தான். அவன் காலடியில் இருந்த தண்ணீர் பாட்டில் சாய்ந்து சுடும் கோட்டைத் தாண்டி முன்னால் உருண்டது. ரைஃபிளை மேஜைமேல் வைத்துவிட்டு அதை எடுக்க ஓர் அடி முன்னால் வைத்தான். பக்கத்து இடத்தில் இன்னொருவர் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஸ்டாப்!" என்று கத்தினோம், நானும் நெய்வேலிக்காரரும். மற்ற யார் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை. அது சாரும் பையனும் முன்கூட்டியே பேசி வைத்திருந்த ஏற்பாடு என்று அப்புறம்தான் தெரிந்தது. குறி பார்த்தவரின் ரைஃபிளில் பெல்லட் இல்லை, பேரலுக்குள் சேஃப்டி ஃப்ளாக்கே (பேரல் காலி என்று காட்டும் கயிறு) இருந்திருக்கிறது. துணைப் பயிற்சியாளரும் கூட்டுத்தான்.

சார் யாரையும் திட்டவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "அந்த நேரத்துல நீங்க எதைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க?" பாதிப் பேர் சொன்ன பதில், டார்கெட்டை. ஒன்பதா பத்தா என்று பார்த்திருக்கிறார்கள். எலெக்ட்ரானிக் டார்கெட்டின் திரை பக்கத்திலேயே இருப்பதால் கண் தானாக அங்கே போய்விடுகிறது. பயிற்றுநருக்கு அங்கே வேலையே இல்லை என்றார். பார்க்க வேண்டியது கைகளை, பேரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை, விரலை, காலை. பாயிண்ட் எத்தனை என்பதைச் சுட்டு முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நிற்கும் இடத்தையும் அப்போதே சொல்லிக்கொடுத்தார். ஒருவருக்கு மட்டும் கற்றுத்தரும்போது அவர் துப்பாக்கியைத் தாங்கும் தோளின் பக்கம், சற்றுப் பின்னால், கை நீட்டினால் துப்பாக்கியைப் பிடிக்கும் தூரத்தில் நிற்க வேண்டும். வரிசை முழுவதையும் பார்க்கும்போது எல்லோருடைய கையும் தெரியும் அளவுக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். ஒரு பிள்ளைக்கு நிலையைத் திருத்த நாம் குனிந்துவிட்டால் வரிசையைப் பார்க்க ஆள் இல்லை. அதனால் பிள்ளைகளைச் சுட வைக்கும்போது இரண்டு பெரியவர்கள் இல்லாமல் தொடங்கவே கூடாது என்பது அவர் கண்டிப்பு. எங்கள் பள்ளியில் இதைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று: ஸ்டாப் சொல்லும் உரிமை ரேஞ்சில் எல்லோருக்கும் உண்டு. சுடுகிற பிள்ளைக்கு உண்டு, வேடிக்கை பார்க்கும் அம்மாவுக்கு உண்டு. தேவையில்லாமல் சொல்லிவிட்டாலும் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. பெரியவர்கள் நிற்கும் இடத்தில் வாய் திறக்கக் கூடாது என்று வளர்த்த பிள்ளைகளிடம் இதைப் பழக்குவது லேசான வேலை இல்லை. சார் எங்களை ஒவ்வொருவராக நிறுத்தி, ஹால் அதிரும்படி கத்தச் சொன்னார். ரிசார்ட் தம்பிக்கு முதலில் குரலே எழும்பவில்லை. கடைசியில் வாட்ச்மேன் ஓடி வரும் அளவுக்குக் கத்தினார்.

துப்பாக்கி வகைகளைப் பற்றிய பாடமும் நன்றாக இருந்தது. பேரலை மடக்கி லோட் செய்யும் ஸ்பிரிங் ஏர் கன்தான் நம் ஊரில் அதிகம். அதை மடக்கிப் பெல்லட் வைக்கும்போது மற்றக் கையால் பேரலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். திறந்திருக்கும்போது டிரிகர் தட்டினால் பேரல் சட்டென்று மூடிக்கொண்டு விரலை நசுக்கிவிடும். காற்றை அடைத்துவைத்துச் சுடும் பி.சி.பி. ரைஃபிளில் சிக்கல் வேறு. பெல்லட் அடுக்கும் மேகசினைக் கழற்றிவிட்டால் காலி என்று நினைப்பார்கள். பேரலுக்குள் ஒரு பெல்லட் ஏற்கெனவே ஏறியிருக்கலாம். போட்டி ரைஃபிள்களின் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் வரை காற்று இருக்கும், அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. தயாரித்து 10 ஆண்டு தாண்டிய சிலிண்டரைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். பழைய ரைஃபிளை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் பள்ளிகள் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள்.

பேரல் காலி என்று நிரூபிக்கத்தான் சேஃப்டி ஃப்ளாக். இதைச் செய்யக் கற்றுக்கொடுத்ததை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். புல்வெட்டும் மெஷினில் போடுகிற ஆரஞ்சு நைலான் கயிறு கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பேரலைவிட நீளமாக வெட்டிக்கொள்ள வேண்டும். பின்பக்கம் நுழைத்தால் முன்பக்கம் நுனி எட்டிப் பார்க்க வேண்டும், பின்பக்கமும் ஒரு சாண் தொங்க வேண்டும். பின்நுனியில் பளிச்சென்ற டேப்பைக் கொடி மாதிரி ஒட்டிவிடலாம். இரண்டு பக்கமும் ஆரஞ்சு தெரிந்தால் உள்ளே பெல்லட் இருக்க வழியே இல்லை. ஹாலின் அந்தக் கோடியில் நின்று பார்த்தாலும் தெரியும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. சில ரூபாய் சாமான்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று கூடுதலாகச் சொன்னார். உப்புக் காற்றும் கை வியர்வையும் இரும்பை அரித்துவிடும், அதனால் ஒவ்வொரு முறையும் வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். ஆனால் காற்று அழுந்தும் அறைக்குள் எண்ணெய் விடாதீர்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் அழுத்தத்தின் சூட்டில் அந்த எண்ணெயே தீப்பிடித்து வெடிக்கும். தேவனாம்பட்டினத்தில் இருந்துகொண்டு சைக்கிள் செயினைக்கூடக் காப்பாற்ற முடியாமல் தவிக்கும் எனக்கு முதல் பாதி தெரியும், இரண்டாம் பாதி புதிது.

சனிக்கிழமை மாலைக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள்: கடற்கரையில் பலூன் சுடும் கடை ஒன்றின் அருகே அரை மணி நேரம் நின்று பார்த்துக் குறிப்பு எழுதி வாருங்கள். நான் ஊர் திரும்பி சில்வர் பீச்சுக்குப் போனேன். ஓர் அப்பா போட்டோ எடுக்க "இங்க பாருடா" என்று கூப்பிட, பையன் துப்பாக்கியோடு அப்படியே திரும்பினான். பேரல் அவன் அம்மா, தங்கை, சுண்டல் விற்பவர் எல்லோரையும் வரிசையாகக் கடந்து போனது. பலூன் பலகைக்குப் பின்னால் ஒரு தார்ப்பாய் மட்டும், அதற்கும் பின்னால் ஆட்கள் நடக்கிறார்கள். ஆனால் கடைக்காரர் சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது, அவர்கள் பலகையைப் பார்த்து நிற்கும் வரை பேரலிலிருந்து கையை எடுக்கவே இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர் அதைச் செய்கிறார். மறுநாள் இதைப் படித்தபோது சார், "இந்தக் கடைசி வரிதான் இன்னைக்குப் பாடம்" என்று அதையே எல்லோரையும் செய்து பார்க்க வைத்தார். தவறுகளைப் பட்டியல் போட்டு வந்தவர்கள்தான் அதிகம். சரியாகச் செய்கிறவரைக் கவனிப்பதையும் சேர்த்துச் சொல்லித்தரும் ஆசிரியர் கிடைப்பது அரிது.

முதலுதவி அரை மணி நேரம்தான், இருந்தாலும் உருப்படியாக இருந்தது. ஏர் கன்னால் வரும் மோசமான காயம் கண்ணில்தான். கண்ணில் பெல்லட் பட்டால் தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது, எதையும் பிடுங்கி எடுக்கக் கூடாது. பேப்பர் கப்பைக் கண்ணில் படாதபடி கவிழ்த்து லேசாக ஒட்டி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, யார் வண்டி, எந்தப் பாதை என்பதைச் சுடத் தொடங்கும் முன்பே பலகையில் எழுதியிருக்க வேண்டும். எங்களுக்குக் கடலூர் சாலையிலேயே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, முள்ளோடை தாண்டிப் போய்விடலாம். சுடுபவர், பார்ப்பவர், பயிற்றுநர் எல்லோருக்கும் கண்ணாடி கட்டாயம் என்ற விதியை என் பள்ளியில் முதல் நாளிலிருந்தே வைக்கப்போகிறேன்.

இப்போது குறைகள்.

பெரிய குறை, நாம் பாடம் எடுத்துப் பார்க்கக் கிடைக்கும் நேரம். ஆளுக்குப் பத்து நிமிஷம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை. என்னிடம் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணைக் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் முக்கோணம் பிடித்துத் தூரப் பொருளைப் பார்க்கச் சொன்னதில் அவளுக்கு இடது கண்தான் ஓங்கிய கண் (குறி பார்க்கத் தானாக முந்தும் கண்) என்று தெரிந்தது, கை வலது. அதற்கேற்ப நிற்க வைத்தேன். விரலை டிரிகர் கார்டுக்கு வெளியே கட்டைமேல் நீட்டி வைக்கச் சொன்னால் உடனே வைக்கிறாள். ஆனால் மூச்சைப் பற்றியோ தோளைப் பற்றியோ யோசிக்க ஆரம்பித்ததும் விரல் மெல்ல நகர்ந்து உள்ளே போய்விடுகிறது. அவளுக்கே தெரியாது. கையைத் தொடாமல், பேச்சை நிறுத்தி "விரல்" என்று மட்டும் சொல்வேன்; வெளியே எடுப்பாள்; மறுபடி உள்ளே. ஐந்தாறு தடவைக்குப் பிறகு, நான் சொல்லும் முன்பே அவளே எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், பேரல் டார்கெட்டை விட்டு அசையாமல். சரியாக அந்த நேரம் "டைம் முடிஞ்சது மேடம்" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டாம் நாள் முழுவதையும் இதற்கே ஒதுக்க வேண்டும். பயிற்றுநர் வேலை கேட்டு வருவதில்லை, பிள்ளைகளோடு நின்று பார்த்தால்தான் வரும்.

அடுத்தது ஈயம். பெல்லட் ஈயத்தில் செய்தது, விரலில் ஒட்டும், டார்கெட் பக்கம் தூளாகச் சேரும். முதல் நாள் டீயும் பஜ்ஜியும் பெல்லட் டப்பா இருந்த அதே மேஜையில் வந்தன. கை கழுவச் சோப்பு இல்லை. ஹாலைத் துடைப்பத்தால் கூட்டினார்கள், தூள் பறந்தது. ஈரத் துணியால் துடைக்க வேண்டிய இடம் அது. பிள்ளைகள் வந்து போகும் ரேஞ்சில் இதை விடவே முடியாது. சொன்னேன். மறுநாள் டீயை வராண்டாவுக்கு மாற்றிச் சோப்பும் வைத்தார்கள். துடைப்பம் மாறவில்லை.

சட்டம் பற்றிய வகுப்பைச் சாப்பாட்டுக்குப் பின் அவசர அவசரமாக ஓட்டினார்கள். பெற்றோர் முதலில் கேட்பதே அதைத்தான். 1959 ஆயுதச் சட்டம், 2016 ஆயுத விதிகள் இரண்டும் அடிப்படை. பேரல் துளை 4.5 மில்லிமீட்டர், அதாவது .177 அங்குலத்துக்குள், குண்டு கிளம்பும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. வெடிமருந்துத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும், அதற்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். லைசென்ஸ் வேண்டாத ஏர் கன் என்றாலும் பறவையைச் சுட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டுவீர்கள். கொக்கு, நாரை சுடுவதை வீரம் என்று நினைக்கும் பையன்கள் எங்கள் பக்கக் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே பஸ்ஸில் கொண்டுபோனால் பூட்டிய பெட்டியில், பெல்லட் தனியாக, பில் நகலோடு கொண்டுபோங்கள் என்றார் சார். இவ்வளவும் அரை மணிக்குள்.

கொடுக்கும் சான்றிதழ் பற்றித் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். விளம்பரத்தில் 'அங்கீகாரம் பெற்ற' என்று போட்டிருக்கிறார்கள். கவுண்டரில் கேட்டபோது ரேஞ்ச் தன் பெயரில் கொடுக்கும் சான்றிதழ்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த வார்த்தையை எடுத்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். துப்பாக்கி லைசென்ஸ் கேட்பவர்கள் பாதுகாப்புப் பயிற்சி முடித்து எஸ்-1 படிவத்தில் காட்டும் சான்றிதழ் வேறு. இந்த வகுப்பை முடித்துவிட்டு அதை நாம் யாருக்கும் கொடுக்க முடியாது. விளையாட்டுப் பயிற்சியாளராக மேலே போக நினைப்பவர்கள் மாவட்டக் கிளப், மாநிலச் சங்கம், தேசிய ரைஃபிள் சங்கம் என்று அந்த வழியாகத்தான் போக வேண்டும். சர்வதேசத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பு 'டி'யில் தொடங்கி 'ஏ' வரை பயிற்சியாளர் லைசென்ஸ் கொடுக்கிறது. இந்த வகுப்பு அதற்கெல்லாம் முந்திய படி.

வெடிமருந்துத் துப்பாக்கி எதுவும் வகுப்பில் இல்லை, டம்மி மட்டும்தான். காதுக் கவசம், எகிறி விழும் சூடான தோட்டாக் கூடு, சுடாமல் நின்றுபோன தோட்டா இதையெல்லாம் படம் காட்டி விளக்கினார்கள். .22 பக்கம் போக நினைக்கும் நெய்வேலிக்காரருக்கு இது பெரிய ஏமாற்றம். அவர் போன்றவர்கள் லைசென்ஸ் உள்ள ரைஃபிள் கிளப் ஒன்றில் சேர்வதுதான் சரி. பள்ளி, ரிசார்ட், ஏர் ரைஃபிள் ரேஞ்ச் என்று இருப்பவர்களுக்கு இந்த வகுப்பு பொருந்தும்.

போகிறவர்களுக்குச் சில: கடலூரிலிருந்து வருபவர்கள் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி லாஸ்பேட்டைக்கு டவுன் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடிக்கலாம். தட்டையான அடி உள்ள ஷூ போடுங்கள். ரேஞ்ச் கண்ணாடிகளில் கீறல் விழுந்திருக்கிறது, சொந்தமாக ஒன்று கொண்டுபோங்கள். இடக்கை ரைஃபிள் அங்கே கிடையாது, இடக்கைக்காரர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். பணம் கட்டும்போதே, பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் நேரம் ஆளுக்கு அரை மணியாவது வேண்டும் என்று கேளுங்கள். எங்கள் வகுப்புக்கு வந்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு இதே கோரிக்கையைக் கொடுத்திருக்கிறோம். அடுத்த வகுப்பில் ஞாயிறு மதியம் முழுக்க அதற்கே என்று சார் சொல்லியிருக்கிறார்.